“எத்தனை நாள் பொறுக்கலாம், டாக்டர்?”

“ஆபரேஷன் பண்ணிடலாம்” என்று டாக்டர் சொன்னதோடு பெற்றவர்களுக்குக் காது அடைத்துவிடும். எனக்கு அடைத்தது. என் மகனுக்கு அப்போது ஆறு வயது. இரவில் குறட்டை, வாயைத் திறந்தபடி தூக்கம், அடிக்கடி தொண்டை வலி. மூக்குக்குப் பின்னால் சதை வளர்ந்திருக்கிறது, டான்சிலும் பெரிதாக இருக்கிறது, அடுத்த வாரமே எடுத்துவிட்டால் பள்ளி லீவு முடிவதற்குள் ஆறிவிடும் என்று ஒரு மருத்துவமனையில் சொன்னார்கள். அதற்குப் பிறகும் அந்த டாக்டர் பத்து நிமிடம் பேசினார். வீட்டுக்கு வந்ததும் மாமியார் “என்னம்மா சொன்னாங்க?” என்று கேட்டபோது அந்தப் பத்து நிமிடத்தில் ஒரு வரிகூட எனக்கு ஞாபகம் வரவில்லை.

அதன் பிறகு இது பற்றி நிறைய படித்தேன், கேட்டேன். உறவிலும் அக்கம்பக்கத்திலும் குழந்தைக்கு ஆபரேஷன் என்று சொல்லப்பட்ட சிலரோடு மருத்துவமனைக்குத் துணையாகவும் போயிருக்கிறேன். ஒரு விஷயம் திரும்பத் திரும்பக் கண்ணில் பட்டது. எல்லோரும் “பண்ணலாமா, வேண்டாமா?” என்ற இடத்தில் நின்று தவிக்கிறார்கள். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி வேறு: இந்த முடிவை எடுக்க நமக்கு எவ்வளவு நேரம் இருக்கிறது? அதைத் தெரிந்துகொண்டாலே பாதி பயம் இறங்கிவிடும், அல்லது தேவையான அவசரம் வந்துவிடும்.

ஏனென்றால் ஒவ்வொரு ஆபரேஷனுக்கும் ஒரு கெடு உண்டு, அது வெளிப்பார்வைக்குத் தெரியாது. இரண்டு கைக்குழந்தைகளை எடுத்துக்கொள்ளுங்கள், இரண்டு பேருக்கும் விதைப்பை வீங்கியிருக்கிறது, பார்த்தால் ஒரே மாதிரிதான் இருக்கும். ஒருவனுக்கு உள்ளே இருப்பது நீர் மட்டும். இந்த விரைவீக்கம் பெரும்பாலும் ஒன்று இரண்டு வயதுக்குள் தானாக வற்றிவிடும், கத்தி வைக்கத் தேவையே இருக்காது. இன்னொருவனுக்கு இருப்பது குடலிறக்கம். அது தானாக மூடாது. குடல் அந்தச் சின்ன வழியில் மாட்டிக்கொண்டால் ரத்த ஓட்டம் நின்று குடலே அழுகிப்போகலாம், குழந்தை எவ்வளவு சின்னதோ அவ்வளவு அந்த ஆபத்து அதிகம், குறைமாதத்தில் பிறந்த பிள்ளைக்கு இன்னும் அதிகம். அதனால் கண்டுபிடித்ததுமே நாள் குறித்துவிடுவார்கள். வீக்கம் கல் மாதிரி ஆகி, குழந்தை நிறுத்தாமல் அழுது, வாந்தியும் எடுத்தால் அது ராத்திரி இரண்டு மணியானாலும் கிளம்ப வேண்டிய விஷயம். ஆனால் அதே குழந்தைக்குத் தொப்புளில் பிதுக்கம் இருந்தால்? பெரும்பாலானவை நான்கைந்து வயதுக்குள் மூடிவிடும், காத்திருப்பதுதான் வைத்தியம். (காசு வைத்துக் கட்டுவதால் அது சீக்கிரம் மூடுவதில்லை, தோல் புண்ணாவதுதான் மிச்சம்.)

விதை இறங்காமல் இருப்பது இன்னொரு வகை. ஆறு மாதம் வரை பொறுக்கலாம், அதற்குள் தானாக இறங்க வாய்ப்பு உண்டு. அதற்குப் பிறகு பெரும்பாலும் இறங்காது, அதனால் ஒன்றரை வயதுக்குள் இறக்கி வைத்துவிடச் சொல்கிறார்கள். காரணம், உடம்புக்குள் இருக்கும் சூட்டில் விதை மெல்லக் கெட்டுக்கொண்டே வரும், பிற்காலத்தில் குழந்தைப்பேறுக்கும் புற்றுநோய் அபாயத்துக்கும் அதில் தொடர்பு இருக்கிறது. வலி இல்லை, அழுகை இல்லை, குழந்தை நன்றாக விளையாடுகிறான். “பெரியவனானா சரியாப் போயிடும்” என்று வீட்டில் சொல்வதை நம்பி ஐந்தாறு வயது வரை விட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு அக்கறை இல்லாமல் இல்லை, அந்தக் கெடு இருப்பதை யாரும் சொல்லவில்லை.

இதயத்தில் ஓட்டை என்றதும் உயிரே போய்விடும் நமக்கு. ஆனால் அந்த ஒரே பெயருக்குள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத பல நிலைமைகள் இருக்கின்றன. கீழறைகளுக்கு நடுவில் சதைப்பகுதியில் இருக்கும் சின்ன ஓட்டை பெரும்பாலும் முதல் சில வருடங்களிலேயே மூடிவிடும், அவ்வப்போது எக்கோ (இதயத்துக்கு எடுக்கும் ஸ்கேன்) எடுத்துப் பார்த்துக்கொண்டால் போதும். அதே இடத்தில் பெரிய ஓட்டை என்றால், குழந்தை பால் குடிக்கும்போதே வியர்த்து ஊற்றும், மூச்சு இரைக்கும், எடை ஏறாது. அதைத் தள்ளிப் போட்டால் நுரையீரல் ரத்தக் குழாய்களில் அழுத்தம் ஏறி ஏறி, கடைசியில் ஓட்டையை மூடினாலும் பயனில்லாத கட்டம் வந்துவிடும். இன்னும் கடுமையானது பெரிய ரத்தக் குழாய்கள் இரண்டும் இடம் மாறிப் பிறக்கும் குழந்தைகள் விஷயம். அவர்களுக்குப் பொதுவாகப் பிறந்த முதல் சில வாரங்களுக்குள் குழாய்களை மாற்றி வைக்க வேண்டும், தாமதித்தால் இதயத்தின் இடது கீழறை உடம்பு முழுவதற்கும் ரத்தத்தைத் தள்ளும் பலத்தை இழந்துவிடும். அங்கே நாலு பேரைக் கேட்டு, நாள் நட்சத்திரம் பார்த்து முடிவெடுக்க இடம் கிடையாது.

காது கேளாமல் பிறந்த குழந்தைக்கு உயிர் ஆபத்து எதுவும் இல்லை, ஆனால் கெடு உண்டு. மூளையில் பேச்சைப் புரிந்துகொள்ளும் பகுதி, முதல் சில வருடங்களில் ஒலி வந்து சேர்ந்தால்தான் அதற்காகப் பழகும், வராவிட்டால் அந்த இடத்தை வேறு வேலைக்கு எடுத்துக்கொள்ளும். தமிழ்நாட்டில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் கருவி (ஒலியை நேராகக் கேட்கும் நரம்புக்குக் கொண்டுபோக ஆபரேஷன் செய்து உள்காதில் வைப்பது) பொருத்த 6 வயது வரம்பு வைத்திருப்பதற்குப் பின்னால் இருப்பது இதுதான். ஆறு வயது வரைக்கும் நேரம் இருக்கிறது என்று அதைப் புரிந்துகொள்ளக் கூடாது, ஒரு வயதில் வைப்பதற்கும் ஐந்து வயதில் வைப்பதற்கும் பேச்சில் பெரிய வித்தியாசம் தெரியும். அதோடு இந்த ஆபரேஷன் ஓரிரு மணி நேரம்தான், அதற்குப் பிறகான பேச்சுப் பயிற்சிக்குத்தான் நாள்கணக்காக, வருடக்கணக்காக அம்மாவோ அப்பாவோ உட்கார வேண்டும். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் வீட்டில் பேச வேண்டியது அதைத்தான்: யார் தினமும் கூட்டிப் போவது, வேலைக்கு எப்படி லீவு போடுவது, பாட்டி வீட்டில் என்ன பயிற்சி கொடுப்பார்.

சரி, இப்போது கெடு அவ்வளவு நெருக்கமாக இல்லாத ஒன்று. பெற்றவர்கள் உண்மையிலேயே யோசித்து முடிவெடுக்க இடமுள்ளது அங்கேதான், நான் மாட்டிக்கொண்டதும் அங்கேதான். டான்சில், அடினாய்டு (மூக்குக்குப் பின்னால் வளர்ந்திருக்கிறது என்றார்களே, அந்தச் சதை).

திரும்பத் திரும்பத் தொண்டை வலி வருவதற்காக டான்சிலை எடுப்பதென்றால் மருத்துவ உலகில் பரவலாக ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். ஒரே வருடத்தில் 7 தடவை, அல்லது தொடர்ந்து இரண்டு வருடம் வருடத்துக்கு 5 தடவை, அல்லது மூன்று வருடம் வருடத்துக்கு 3 தடவை. அதுவும் சும்மா கரகரப்பு இல்லை, காய்ச்சலோ, கழுத்தில் நெறிகட்டியதோ, சீழோ இருந்ததாக டாக்டர் பார்த்துக் குறித்திருக்க வேண்டும். இதற்குக் கீழே இருக்கும் குழந்தைகள் பலருக்கும் வயது ஏற ஏறத் தானாகவே குறைந்துவிடுகிறது. நான் என் மகனின் பழைய மருந்துச் சீட்டுகளைத் தேடி எடுத்து எண்ணிப் பார்த்தேன். “மாசாமாசம் வருது” என்று நானே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தது, எண்ணிப் பார்த்தால் வருடத்துக்கு நான்கு தடவை. நம் பயத்துக்கு எண்ணத் தெரியாது.

குறட்டையும் மூச்சுத் தடையும் வேறு கணக்கு. அமெரிக்காவில் 5 முதல் 9 வயதுக்குள் தூக்கத்தில் மூச்சுத் தடை இருந்த 464 குழந்தைகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு உடனே டான்சிலும் அடினாய்டும் எடுத்து, மறு பாதியை ஏழு மாதம் கவனித்துக்கொண்டு மட்டும் இருந்தார்கள், 2013இல் முடிவு வெளியானது. எடுத்துவிட்டவர்களில் 100க்கு 79 பேருக்குத் தூக்கப் பரிசோதனை சீரானது. எடுக்காதவர்களில்? 100க்கு 46 பேருக்கு அதுவும் சீராகிவிட்டது. கவனம், திட்டமிடும் திறன் போன்ற சோதனைகளில் இரண்டு பக்கமும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் நடத்தை, பகல்நேரச் சோர்வு, அன்றாட வாழ்க்கை இதிலெல்லாம் ஆபரேஷன் ஆன பிள்ளைகள் நன்றாக இருந்தார்கள். ஆக்ஸிஜன் ரொம்ப நேரம் இறங்கிக் கிடக்கும் குழந்தைகளை இதில் சேர்க்கவில்லை என்பதையும் மறக்கக் கூடாது, அவர்களைக் காக்க வைக்க முடியாது.

இந்த எண்களை வைத்துக்கொண்டு “ஆபரேஷன் தேவையில்லை” என்றும் சொல்லலாம், “எடுப்பதுதான் நல்லது” என்றும் சொல்லலாம், இரண்டுமே பொய் இல்லை. அதனால்தான் இது பெற்றவர்கள் எடுக்க வேண்டிய முடிவாகிறது. பகலெல்லாம் தூங்கி வழிந்து பள்ளியில் திட்டு வாங்கும் பிள்ளைக்கு ஏழு மாதம் என்பது ஒரு வகுப்பு முழுக்க. நன்றாக ஓடியாடி விளையாடும் பிள்ளைக்கு ஏழு மாதம் பொறுப்பதில் பெரிய இழப்பு இல்லை. டாக்டருக்குத் தெரிந்தது மருத்துவம், அந்த வீட்டுக்குள் அந்தக் குழந்தையின் நாள் எப்படிப் போகிறது என்பது நமக்குத்தான் தெரியும். இரண்டும் ஒரே மேஜையில் சேர்ந்தால்தான் முடிவு சரியாக வரும்.

நாங்கள் இன்னொரு காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்த்தோம். பழைய டாக்டர் தப்பாக நினைப்பாரோ என்று என் கணவர் தயங்கினார். தயங்கவே வேண்டாம், இரண்டாவது கருத்துக் கேட்பது சகஜம், நம் சிகிச்சை ஆவணங்களைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று இந்திய மருத்துவ கவுன்சிலின் 2002 விதிமுறைகளிலேயே இருக்கிறது. இரண்டாவது மருத்துவர் மூக்கில் அடிக்கும் ஸ்பிரே எழுதிக் கொடுத்தார், தூங்கும்போது வீடியோ எடுக்கச் சொன்னார், மூன்று மாதம் கழித்து வரச் சொன்னார். அதோடு, எதைப் பார்த்தால் மூன்று மாதத்தை மறந்துவிட்டு உடனே வர வேண்டும் என்றும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். காத்திருப்பது என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும். எப்போது திரும்பப் பார்ப்பது, எதைக் கவனிப்பது, எது நடந்தால் ஓடி வருவது, இந்த மூன்றும் கையில் இல்லாமல் “கொஞ்சம் பார்ப்போம்” என்றால் அது காத்திருப்பது இல்லை, கைவிடுவது.

எல்லாப் பெற்றவர்களும் கேட்கும் கேள்வி ஒன்று: “உங்க குழந்தையா இருந்தா என்ன பண்ணுவீங்க டாக்டர்?” நானும் கேட்டேன். கேட்பதில் தப்பில்லை, ஆனால் பதில் வந்ததும் அங்கேயே நிறுத்திவிடாமல் “ஏன் அப்படி?” என்று இன்னொரு கேள்வி போட வேண்டும். அந்த “ஏன்”தான் நமக்கு வேண்டியது. அவர் வீடு மருத்துவமனைக்குப் பக்கத்தில் இருக்கும், நம் வீடு இரண்டு பஸ் மாறிப் போகும் ஊரில் இருக்கும். டான்சில் எடுத்த ஐந்தாம் நாளிலிருந்து பத்தாம் நாள் வரை, பொருக்கு உதிரும் நேரத்தில், சில குழந்தைகளுக்குத் திடீரென ரத்தம் வரும், உடனே பார்க்க வேண்டும். “ஆறாம் நாள் ஊருக்குப் போயிடலாம்” என்று டிக்கெட் எடுத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன், யாரும் அவர்களுக்கு இதைச் சொல்லியிருக்கவில்லை.

எண்களைக் கேட்கும்போதும் ஒன்று செய்யலாம். “ரிஸ்க் ரொம்பக் கம்மிம்மா” என்றால் எனக்கு ஒரு அர்த்தம், அவருக்கு ஒரு அர்த்தம். “இந்த மாதிரி 100 குழந்தைகளுக்குப் பண்ணினா எத்தனை பேருக்கு அந்தப் பிரச்சினை வரும், நீங்க பண்ணினதுல எத்தனை பேருக்கு வந்தது?” என்று கேளுங்கள். அப்புறம், பண்ணாமல் விட்டால் அதே 100 பேருக்கு என்ன ஆகும் என்பதையும் கேளுங்கள், அந்தப் பாதியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். கூட ஒருவரைக் கூட்டிப் போங்கள், அழுகிற ஆளாக இல்லாமல் எழுதுகிற ஆளாக இருந்தால் நல்லது. கிளம்புவதற்கு முன்னால் “நான் புரிஞ்சுக்கிட்டதைச் சொல்றேன், சரியான்னு பாருங்க” என்று நீங்களே திரும்பச் சொல்லிக் காட்டுங்கள். தப்பாகப் புரிந்தது அங்கேயே வெளியே வந்துவிடும். கையெழுத்து வெறும் சடங்கு இல்லை. 2008இல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம், சிகிச்சை என்ன, எதற்காக, மாற்று வழி என்ன, ஆபத்து என்ன, செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதைப் போதிய அளவு சொல்லிப் பெறும் ஒப்புதல்தான் ஒப்புதல் என்று தெளிவாகவே சொல்லியிருக்கிறது.

இவ்வளவு கேள்வி கேட்க முடியாமல் வாயை அடைக்கும் ஒன்று நம் வீடுகளில் இருக்கிறது, அது அம்மா மேல் விழும் பழி. உதடு பிளந்து பிறந்த குழந்தையின் அம்மாவிடம் “கிரகணத்தப்போ வெளியே வந்தியா?” என்று கேட்காத வீடு எத்தனை? கிரகணத்துக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, கரு உருவாகும் முதல் மூன்று மாதத்துக்குள் முகத்தின் இரு பக்கமும் வந்து சேர வேண்டிய இடத்தில் சேராமல் போவது அது. உதட்டைப் பெரும்பாலும் மூன்று மாதத்திலிருந்து ஆறு மாதத்துக்குள்ளும், அண்ணத்தைப் பேச்சு வருவதற்கு முன் ஒரு வயதை ஒட்டியும் சரிசெய்துவிடுவார்கள். ஆனால் தன்னால்தான் இப்படி ஆனது என்று நம்பவைக்கப்பட்ட பெண், டாக்டர் முன்னால் உட்கார்ந்தாலும் பேச மாட்டாள். பேசுவது பெரியப்பாவும் துபாயிலிருந்து போனில் தாய்மாமாவும்தான். குழந்தை எப்போது மூச்சு வாங்குகிறது, எவ்வளவு பால் குடிக்கிறது என்று தெரிந்த ஒரே ஆள் வாயை மூடிக்கொண்டிருக்க, முடிவு எடுக்கப்பட்டுவிடும். துணைக்குப் போகிறவர்கள் முதலில் செய்ய வேண்டியது அந்த அம்மாவைப் பேச வைப்பது.

மயக்க மருந்து பற்றிய பயத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஆபரேஷனைவிட அதற்குத்தான் பலர் பயப்படுகிறார்கள், “மூளை மந்தமாயிடுமாமே” என்று. அமெரிக்க மருந்து நிர்வாகம் 2016 டிசம்பரில் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது உண்மை. அது சொன்னது, 3 வயதுக்குக் கீழே மூன்று மணி நேரத்துக்கு மேலோ, திரும்பத் திரும்பவோ மயக்கம் கொடுக்கும்போது கவனம் தேவை என்று. 2019இல் ஏழு நாடுகளில் 722 கைக்குழந்தைகளை வைத்து நடந்த ஆய்வின் முடிவு வந்தது, குடலிறக்கத்துக்காக ஒரு மணி நேரத்துக்கும் குறைவான மயக்கம் பெற்றவர்களுக்கும், விழித்த நிலையிலேயே இடுப்புக்குக் கீழே மரத்துப்போக வைத்துச் செய்யப்பட்டவர்களுக்கும் ஐந்து வயதில் அறிவுத்திறனில் வித்தியாசம் இல்லை. அதனால் ஒருமுறை, சின்ன ஆபரேஷன், தேவையானது என்றால் இந்தப் பயத்துக்காக நிறுத்த வேண்டாம். நிஜமான ஆபத்து இருப்பது வெறும் வயிறு விஷயத்தில். திட உணவும் மாட்டுப்பாலும் ஆறு மணி நேரம் முன்னதாக நிறுத்த வேண்டும், தாய்ப்பால் நான்கு மணி நேரம், வெறும் தண்ணீர் பொதுவாக இரண்டு மணி நேரம் முன்பு வரை கொடுக்கலாம். “பிள்ளை பசியில அழறானே” என்று பாட்டி மறைவாகக் கொடுக்கும் இரண்டு மடக்குப் பால், மயக்கத்தில் மேலே ஏறி நுரையீரலுக்குள் போகலாம். கொடுத்துவிட்டால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள், நாள் தள்ளிப் போகும், அவ்வளவுதான். சளி இருமல் என்று நாளைத் தள்ளி வைத்தாலும் கோபப்பட வேண்டாம், சளி பிடித்த சில வாரங்களுக்கு மூச்சுக்குழாய் எதற்கும் இறுகிக்கொள்ளும் நிலையில் இருக்கும்.

பணத்தைப் பற்றி முதலிலேயே வெட்கப்படாமல் கேட்க வேண்டும். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பங்களுக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் வருடத்துக்கு 5 லட்சம் வரை சிகிச்சை கிடைக்கும், ஆனால் அனுமதி பெற்ற பிறகுதான் ஆபரேஷன், அதற்கு அட்டையும் சில நாட்களும் வேண்டும். அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் வரும் மருத்துவக் குழு இதய ஓட்டையையோ காது கேளாமையையோ கண்டுபிடித்தால் அவர்கள் வழியாகவே மேல்சிகிச்சைக்கு அனுப்புவார்கள், அந்தச் சீட்டைத் தொலைக்காதீர்கள்.

இன்னொன்று, பெற்றவர்களே எடுக்கக் கூடாத முடிவும் இருக்கிறது. பிறப்புறுப்பு ஆணா பெண்ணா என்று தெளிவாகச் சொல்ல முடியாத வகையில் பிறக்கும் ஊடுபால் குழந்தைகளை “சரிசெய்ய” ஊர் வாய்க்குப் பயந்து அவசரமாக ஆபரேஷன் செய்வது வழக்கமாக இருந்தது. 2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதைத் தடை செய்யச் சொன்னது, அதே வருடம் ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு ஆணை போட்டது. உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் விலக்கு. இந்தியாவில் இதைச் செய்த முதல் மாநிலம் நம்முடையது. அந்தக் குழந்தை வளர்ந்து, தான் யார் என்று தானே சொல்லும்வரை பொறுப்பதுதான் அதன் பொருள். எனக்கு இதில் இரண்டாவது யோசனையே கிடையாது, பொறுத்தால் கெடாத ஒன்றை, திரும்பப் பெற முடியாதபடி வெட்டிவிட நமக்கு உரிமை இல்லை.

என் மகன் விஷயம்: மூன்று மாதத்தில் தொண்டை வலி குறைந்தது, குறட்டை குறையவில்லை. வீடியோவில் மூச்சு நின்று நின்று வருவது தெரிந்தது. தூக்கப் பரிசோதனை செய்தார்கள், அதைப் பார்த்த பிறகு ஆபரேஷன் என்று நாங்களே சொன்னோம். முதல் மருத்துவமனையில் சொன்ன அதே ஆபரேஷன்தான் கடைசியில் நடந்தது. ஆனால் எதற்காக என்று எனக்குத் தெரிந்திருந்தது, அவனுக்கும் சொல்ல முடிந்தது. முந்தின நாள் ராத்திரி அவனிடம் எல்லாம் சொன்னேன், மாஸ்க் வைப்பார்கள், தூக்கம் வரும், எழுந்ததும் தொண்டை வலிக்கும், ஐஸ்கிரீம் உண்டு என்று. வலியைப் பற்றி அவன் கேட்கவே இல்லை. “நான் தூங்கும்போது நீ எங்கம்மா இருப்ப?” என்றுதான் கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை, மறுநாள் காலை நர்ஸம்மாவிடம் கேட்டு, கதவுக்கு வெளியே இருந்த பெஞ்சைக் காட்டி, “இங்கதான்” என்று சொல்லிவிட்டுத்தான் அவனை உள்ளே அனுப்பினேன்.